வாய்க்காலை வெட்டியவர் யார்? இறைநம்பிக்கையும் பரிணாம அறிவியலும்

1879 மே மாதத்தில், எழுபது வயதைத் தொட்டிருந்த சார்லஸ் டார்வினுக்கு ஜான் ஃபோர்டைஸ் என்பவர் ஒரு கேள்வி எழுதி அனுப்பினார். கடவுளை நம்புகிறவர் பரிணாமத்தையும் ஏற்க முடியுமா? டார்வினின் பதில் சுருக்கமானது. ஒருவர் தீவிர ஆத்திகராகவும் பரிணாமவாதியாகவும் இருக்கலாம் என்பதில் ஐயம் கொள்வதே அபத்தம் என்று எழுதினார். சான்றாக இரண்டு பெயர்களும் அந்தக் கடிதத்தில் இருந்தன. ஒருவர் ஆங்கிலிக்கப் பாதிரியாரும் நாவலாசிரியருமான சார்ல்ஸ் கிங்ஸ்லி. மற்றவர் ஹார்வர்டில் தாவரவியல் பேராசிரியராக இருந்த ஆசா கிரே. தம்மைப் பற்றி டார்வின் சொன்னது, கடவுள் இல்லை என்று தாம் ஒருபோதும் மறுத்ததில்லை, வயது ஏற ஏற அறியவொணாவாதி என்ற பெயரே தமக்குப் பொருந்துகிறது என்பதுதான்.

மதமும் அறிவியலும் ஒத்துப்போகும் என்று வாதிடுவோர் பலரும் எடுத்துக்காட்டுகிற கடிதம் இது. அவர்கள் சொல்லாமல் விடுவது ஒன்றுண்டு. அந்த இரண்டு பெயர்களில் ஒருவரான கிரேயுடன் டார்வின் எட்டு ஆண்டுகள் வாதாடினார், அந்த வாதம் கடைசிவரை தீரவில்லை. நம்பிக்கைக்கும் பரிணாமத்துக்கும் இடையில் உண்மையான இடறல் எங்கே இருக்கிறது என்பதை அந்த வாதம் துல்லியமாகக் காட்டுகிறது. அது பலரும் நினைக்கிற இடத்தில் இல்லை.

பலரும் நினைப்பது ஆதியாகமத்தின் ஆறு நாட்களைத்தான். உலகம் கி.மு. 4004-இல் படைக்கப்பட்டது என்று 17-ஆம் நூற்றாண்டில் பேராயர் அஷர் கணக்குப் போட்டார், டார்வின் வந்து அதை உடைத்தார் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கதை. உண்மையில் அந்தக் கணக்கை உடைத்தவர்கள் நிலவியலாளர்கள். டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' 1859 நவம்பரில் வெளிவருவதற்கு முன்பே பூமியின் வயது மிகப் பெரியது என்பதைப் படித்த கிறித்தவர்களில் பெரும்பகுதியினர் ஏற்றுக்கொண்டிருந்தனர். ஐந்தாம் நூற்றாண்டிலேயே புனித அகஸ்டின் ஆறு நாட்களை இருபத்துநான்கு மணிநேர நாட்களாக எடுத்துக்கொள்ளவில்லை. இயற்கையைப் பற்றி வேதத்தின் பெயரால் பிழையாகப் பேசினால் அறிந்தவர்கள் நகைப்பார்கள், வேதத்துக்கே இழுக்கு வரும் என்று தம் சமயத்தாரை எச்சரித்தும் வைத்தார்.

டார்வினின் காலத்து ஆங்கிலிக்கத் திருச்சபையும் சித்திரிக்கப்படும் அளவுக்கு அவரோடு மல்லுக்கு நிற்கவில்லை. அவர் வாழ்ந்த டௌன் கிராமத்தின் பாதிரியார் ஜான் பிரோடி இன்னஸ் அவருக்கு நெடுநாள் நண்பர். கிங்ஸ்லி, நூலின் படியைக் கையில் வாங்கியதுமே, தானாக வளரும் ஆற்றல் கொண்ட சில ஆதி உருவங்களைக் கடவுள் படைத்தார் என்பதும் உயர்ந்த கடவுள் கருத்துதான் என்று எழுதினார். டார்வின் அதை, பெயரைக் குறிப்பிடாமல், 1860 ஜனவரியில் வந்த இரண்டாம் பதிப்பிலேயே சேர்த்துக்கொண்டார். 1882-இல் டார்வின் இறந்தபோது அவர் உடல் வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்துக்குள் அடக்கம் செய்யப்பட்டது. இரண்டே ஆண்டுகள் கழித்து ஆக்ஸ்ஃபோர்டு சொற்பொழிவுகளில் பரிணாமத்தை ஏற்றுப் பேசிய ஃபிரெடரிக் டெம்பிள் பின்னாளில் கேன்டர்பரி பேராயரே ஆனார்.

அப்படியானால் சண்டை எதைப் பற்றி? இதற்கு நேரான பதிலைச் சொன்னவர் டார்வினின் எதிர்த்தரப்பில் நின்ற ஒரு பழமைவாதி. பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரியின் சார்ல்ஸ் ஹாட்ஜ் 1874-இல் டார்வின் கொள்கை என்றால் என்ன என்றே தலைப்பிட்டு ஒரு நூல் எழுதினார். கொள்கையை அவர் மூன்றாகப் பிரித்தார். உயிரினங்கள் ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்தன என்பது முதலாவது. அதை இயற்கைத் தேர்வு நிகழ்த்தியது என்பது இரண்டாவது. அந்தத் தேர்வுக்குப் பின்னால் எந்தத் திட்டமும் இல்லை என்பது மூன்றாவது. முதல் இரண்டும் நாத்திகம் ஆகா, மூன்றாவதுதான் நாத்திகம், அதுவே டார்வினின் தனி முத்திரை என்று முடித்தார். ஹாட்ஜின் முடிவை நான் ஏற்கவில்லை. ஆனால் நோயின் இடத்தை அவர் தொட்டுக் காட்டிவிட்டார். அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், அமெரிக்காவில் டார்வினுக்காக முன்னணியில் நின்று வாதாடிய ஆசா கிரே டார்வின்வாதியே அல்லர்.

கிரே சாதாரண ஆதரவாளர் அல்லர். 1857 செப்டம்பரில், நூல் வெளிவருவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, டார்வின் தம் கொள்கையின் சுருக்கத்தைக் கடிதமாக எழுதி அனுப்பிய மிகச் சிலரில் அவர் ஒருவர். அதே கருத்தைத் தனியாகக் கண்டடைந்த இயற்கையியலாளர் வாலஸின் கட்டுரை தபாலில் வந்து டார்வினைத் திடுக்கிட வைத்தபோது, இந்தக் கருத்து முன்பே தம்மிடம் இருந்தது என்பதற்கு அந்தக் கடிதமே சான்றாயிற்று. 1858 ஜூலை 1 அன்று லண்டன் லின்னேயஸ் கழகத்தில் வாலஸின் கட்டுரையோடு அதன் பகுதியும் வாசிக்கப்பட்டது. கிரே பக்தியுள்ள கிறித்தவர், அதை மறைத்ததும் இல்லை. 1860-இல் 'அட்லான்டிக் மந்த்லி' இதழில் அவர் தொடராக எழுதிய கட்டுரைகள் இயற்கைத் தேர்வு இறையியலுக்கு முரண் அல்ல என்று வாதிட்டன. டார்வினுக்கு அவை மிகவும் பிடித்துப்போயின. இங்கிலாந்தில் சிறு நூலாக அச்சிட்டு வழங்க அவர் தம் பணத்தையே செலவிட்டார்.

அந்தக் கட்டுரைகளில் கிரே டார்வினுக்கு ஓர் ஆலோசனை சொன்னார். இயற்கைத் தேர்வு வேலை செய்யவேண்டுமானால் முதலில் உயிர்களிடையே வேறுபாடுகள் பிறக்கவேண்டும். ஒரு குட்டிக்குக் கால் சற்று நீளம், மற்றொன்றுக்கு மயிர் சற்று அடர்த்தி. இந்த வேறுபாடுகள் ஏன் பிறக்கின்றன என்பது அன்று யாருக்கும் தெரியாது. அந்த இடத்தில் கடவுளை வைத்துக்கொள்ளலாமே என்றார் கிரே. சரிவில் ஓடும் நீர் புவியீர்ப்பால்தான் ஓடுகிறது. ஆனால் அது வயல்களுக்குப் பயன்படும் வாய்க்கால்களாகப் பிரிந்து ஓடுவதைக் கண்டால், யாரோ திட்டமிட்டு வாய்க்கால் வெட்டினார்கள் என்றுதான் நினைப்போம். புவியீர்ப்பின் இடத்தில் இயற்கைத் தேர்வை வையுங்கள். வேறுபாடுகள் நன்மை தரும் திசைகளில் செலுத்தப்பட்டன என்று கொள்ளுங்கள். அறிவியலுக்கு நட்டமில்லை, நம்பிக்கைக்கும் நட்டமில்லை.

டார்வினால் அதை ஏற்க முடியவில்லை. கடிதங்களில் தயங்கித் தயங்கி மறுத்துவந்தவர், 1868-இல் வெளியிட்ட 'வளர்ப்பு விலங்குகள், தாவரங்களில் வேறுபாடு' என்ற இரண்டு பாக நூலின் கடைசிப் பக்கங்களில் கிரேயின் பெயரைச் சொல்லியே பதிலளித்தார். மலையடிவாரத்தில் சரிந்து கிடக்கும் கற்களைப் பொறுக்கி ஒருவர் வீடு கட்டுகிறார். வளைவுக்கு ஆப்பு வடிவக் கல், நிலைக்கு நீண்ட கல், கூரைக்குத் தட்டைக் கல். ஒவ்வொரு கல்லும் அந்த வடிவில் உடைந்ததற்கு இயற்கையில் காரணம் உண்டு. ஆனால் இந்த வீட்டுக்காரருக்கு உதவவேண்டும் என்றுதான் அது அப்படி உடைந்தது என்று சொல்லமுடியுமா? அடுத்து, புறா வளர்ப்பவரான டார்வின் தம் புறாக்களையே சாட்சிக்கு அழைத்தார். 1855 முதல் அவர் புறா வளர்த்தார், லண்டன் புறாச் சங்கங்களில் உறுப்பினராக இருந்தார். மனிதனின் வேடிக்கைக்காக இரைப்பையை ஊதிக்கொள்ளும் புறா இனமும் விசிறி வால் புறா இனமும் உருவாகட்டும் என்று கடவுள் முன்கூட்டியே புறாவின் கழுத்தையும் வாலையும் வேறுபடச் செய்தாரா? அங்கே இல்லை என்றால், காட்டுயிர்களிடம் மட்டும் ஆம் என்பதற்கு ஆதாரம் என்ன?

இதில் டார்வினுக்கு வெற்றிக் களிப்பு எதுவும் இல்லை. எல்லாம் அறிந்தவர் எல்லாவற்றையும் முன்கூட்டியே விதித்திருக்கவும் வேண்டுமே என்ற சிக்கலில் போய் நின்று, விதிக்கும் தன்விருப்பத்துக்கும் இடையிலான பழைய புதிரைப் போலவே இதையும் அவிழ்க்க முடியாது என்று நூலை முடித்தார்.

கடிதங்களில் அவர் சொன்ன மற்றொரு மறுப்பு இன்னும் ஆழமானது. 1860 மே 22 அன்று கிரேவுக்கு எழுதியபோது அவர் இக்நியூமன் குளவிகளைக் குறிப்பிட்டார். அவை உயிருள்ள புழுவின் உடலுக்குள் முட்டையிடும். பொரிக்கும் குஞ்சுகள் புழுவை உள்ளிருந்தே தின்று வளரும். கருணையும் சர்வ வல்லமையும் உள்ள ஒருவர் இதைத் திட்டமிட்டுப் படைத்திருப்பார் என்று நம்பத் தமக்கு மனம் வரவில்லை என்றார். அந்தக் கடிதத்திலேயே, இந்த அற்புதமான உலகம் வெறும் முரட்டு விசையின் விளைவு என்று முடிவுகட்டவும் தம்மால் இயலவில்லை என்றும் எழுதினார். ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு, 1851-இல், பத்து வயது மகள் ஆனியை அவர் பறிகொடுத்திருந்தார்.

நம் வீட்டுச் சுவர்களில் மண்கூடு கட்டும் குளவி இக்நியூமன் குடும்பத்தைச் சேர்ந்தது அல்ல. ஆனால் தொழில் ஏறக்குறைய ஒன்றுதான். பச்சைப் புழுவைக் கொட்டி மயக்கிக் கொண்டுவந்து கூட்டில் அடைக்கும், உள்ளே முட்டையிடும், வாயை மண்ணால் மூடிவிடும். சில நாள் கழித்துக் கூட்டிலிருந்து குளவி வெளியே வரும். புழுதான் குளவியாகிவிட்டது என்று முன்னோர் கருதினார்கள். கொட்டக் கொட்டப் புழு குளவியானது போல, இறைவனை இடைவிடாது நினைக்கும் உயிரும் இறைத்தன்மை அடையும் என்று பாகவதமும் வேதாந்த மரபும் அதை உவமையாக்கின. கூட்டுக்குள் நடப்பது வேறு. குளவியின் குஞ்சு புழுவை உயிரோடு தின்கிறது. நம் மரபு முத்திக்கு உவமை கண்ட அதே வகைக் காட்சியில்தான் டார்வின் கடவுளின் கருணையைத் தேடிக் காணாமல் திகைத்தார். இந்த முரணைப் பற்றித் தமிழில் இன்னும் நிறைய எழுதப்பட்டிருக்கவேண்டும் என்பது என் எண்ணம்.

கிரேயின் வாய்க்கால் வெறும் தத்துவக் கருத்து என்று விட்டுவிட முடியாது, ஏனெனில் அதைச் சோதித்துப் பார்க்க முடிந்தது. வேறுபாடுகள் தேவையறிந்து பிறக்கின்றனவா, தேவையறியாமல் பிறக்கின்றனவா என்ற கேள்விக்கு 1943-இல் சால்வடோர் லூரியாவும் மாக்ஸ் டெல்ப்ரூக்கும் பாக்டீரியாவை வைத்து விடை தேடினார்கள். பாக்டீரியாவைக் கொல்லும் வைரஸைத் தூவினால் பெரும்பாலானவை சாகும், சில பிழைக்கும். பிழைத்தவை எப்படி எதிர்ப்பாற்றல் பெற்றன? வைரஸ் வந்த பிறகு அந்த நெருக்கடியில் பெற்றிருந்தால், தனித்தனிக் குழாய்களில் வளர்த்த கூட்டங்கள் ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கை பிழைக்கும். வைரஸ் வருவதற்கு முன்பே, எந்தத் தொடர்பும் இல்லாமல், பெருக்கத்தின்போது தற்செயலாக நிகழ்ந்த சடுதி மாற்றத்தால் பெற்றிருந்தால், மாற்றம் முன்னதாக நிகழ்ந்த குழாயில் வாரிசுகள் மிகப் பலவாக இருக்கும், பல குழாய்களில் ஒன்றுகூட இருக்காது. இந்த வழி லூரியாவுக்குத் தோன்றியது ஒரு நடன விருந்தில், சூதாட்ட இயந்திரத்தில் காசு போட்டுக்கொண்டிருந்த சக பேராசிரியரைப் பார்த்துக்கொண்டு நின்றபோது. அவ்வப்போது மட்டும் காசு கொட்டும், மற்ற நேரமெல்லாம் வெறுங்கைதான். சோதனையின் முடிவும் அப்படியே வந்தது. எண்ணிக்கைகள் குழாய்க்குக் குழாய் தாறுமாறாக வேறுபட்டன. எதிர்ப்பாற்றல் தேவைக்கு முன்பே, தேவையறியாமல் பிறந்திருந்தது. இருவருக்கும் 1969-இல் ஆல்ஃபிரட் ஹெர்ஷியோடு நோபல் பரிசு கிடைத்தது.

கடவுள் இல்லை என்று இந்தச் சோதனை நிறுவவில்லை. கிரே கடவுளுக்கு ஒதுக்கிய அந்தக் குறிப்பிட்ட நாற்காலியில் யாரும் உட்கார்ந்திருக்கத் தேவையில்லை என்பதைத்தான் காட்டியது.

வாய்க்கால் உவமை நம் நாட்டிலும் உண்டு. அதுவும் இதே வேலைக்கு, இதே புவியீர்ப்போடு பயன்பட்டது. பதஞ்சலியின் யோக சூத்திரத்து நான்காம் பாதத்தில், ஓர் இனம் மற்றோர் இனமாக மாறுவது இயற்கை நிரம்பி வழிவதால் என்று ஒரு சூத்திரம் வருகிறது. அடுத்த சூத்திரத்தில் ஓர் உழவர் வருகிறார். விவேகானந்தர் 1896-இல் வெளிவந்த 'ராஜயோகம்' நூலில் இவற்றுக்கு எழுதிய உரையில் அதைப் பரிணாமக் கொள்கையாகவே விரித்தார். வாய்க்காலில் நீர் முன்பே நிறைந்து நிற்கிறது, உழவர் மடையைத் திறக்கிறார், புவியீர்ப்பால் நீர் தானே வயலுக்குப் பாய்கிறது. அதுபோல எல்லா ஆற்றலும் எல்லா உயிருக்குள்ளும் முன்பே நிறைந்திருக்கிறது, தடை விலகினால் வெளிப்படுகிறது. ஆகவே போட்டியும் தகுதியுள்ளது பிழைத்தலும் பரிணாமத்துக்குப் போதுமான காரணங்கள் அல்ல என்பது அவர் முடிவு.

கிரேயும் விவேகானந்தரும் ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள் அல்லர். 1888-இல் கிரே இறந்தார். விவேகானந்தர் அமெரிக்கக் கரையில் இறங்கியது 1893-இல். ஹார்வர்டு கிறித்தவரும் வங்காளத் துறவியும் ஒரே உவமைக்கு வந்து சேர்ந்ததற்குக் காரணம், இருவரும் ஒரே இடத்தில் இடறினார்கள் என்பதுதான். உயிர்கள் மாறுகின்றன என்பதை இருவரும் மகிழ்ச்சியோடு ஏற்றனர். மாற்றத்துக்குக் குறிக்கோள் இல்லை, பிறப்பவற்றில் பெரும்பகுதி வீணாகிறது என்பதை இருவராலும் ஏற்கமுடியவில்லை. இருவரும் பரிணாமத்தை எடுத்துக்கொண்டு டார்வினை வாசலில் நிறுத்திவிட்டார்கள்.

இதனால்தான், இந்து மரபுக்குப் பரிணாமத்தோடு எந்தப் பிணக்கும் இல்லை என்று எளிதாகச் சொல்லப்படும்போது எனக்கு ஐயம் எழுகிறது. தசாவதாரமே பரிணாமம் என்ற வாதத்தை எடுத்துக்கொள்வோம். மீன், ஆமை, பன்றி, பாதி சிங்கம் பாதி மனிதன், குள்ளன், பிறகு முழு மனிதர்கள். இந்த ஒப்பீட்டைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் பிளாவட்ஸ்கி அம்மையார். 1877-இல் வெளியான 'ஐசிஸ் அன்வெய்ல்டு' நூலில் அவர் இதை எழுதினார். அவர் தோற்றுவித்த பிரம்மஞான சபை 1882-இல் சென்னை அடையாற்றில் தலைமையகம் அமைத்தது. இன்று மேடைப் பேச்சுகளில் முன்னோர் ஞானமாக முன்வைக்கப்படும் இந்தக் கருத்து டார்வினின் நூலுக்குப் பிறகு, டார்வினைப் படித்தவர்கள் புராணத்தின்மேல் ஏற்றிய கருத்து. பாகவதத்தின் முதல் கந்தத்தில் வரும் அவதாரப் பட்டியலைப் புரட்டினால் போதும். அங்கே பன்றி இரண்டாவதாகவும் மீன் பத்தாவதாகவும் வருகின்றன. பட்டியலை எழுதியவருக்கு உயிரியல் வரிசை ஒரு பொருட்டாகவே இருக்கவில்லை. அவதாரம் என்பது காக்கும் பொருட்டு இறைவன் விரும்பி எடுக்கும் உரு. இயற்கைத் தேர்வில் விரும்புகிறவர் யாரும் இல்லை. ஒன்று மற்றொன்றின் உவமைகூட ஆகாது.

தமிழ்ச் சைவர்கள் திருவாசகத்தின் சிவபுராணத்தைக் காட்டுவார்கள். புல், பூடு, புழு, மரம் என்று தொடங்கி மனிதர், பேய், தேவர் வரை பிறந்து இளைத்த கதையை மாணிக்கவாசகர் சொல்கிறார். உள்ளத்தை உருக்கும் பாடல்தான். ஆனால் அங்கே புழுவுக்குப் பிறகு மரம் வருகிறது, பாம்புக்குப் பிறகு கல் வருகிறது. அது ஓர் உயிர் வினைவழியே பல உடல்களில் புகுந்து அலுத்துப்போன கதை. பரிணாமத்தில் எந்தத் தனி உயிரும் ஏறுவதில்லை, இறங்குவதுமில்லை. தலைமுறைகளினூடே ஒரு கூட்டத்தின் கலவை மாறுகிறது, அவ்வளவுதான். தொல்காப்பிய மரபியல் ஓரறிவு முதல் ஆறறிவு வரை உயிர்களை வகுப்பதையும் இப்படித்தான் இழுத்து வருகிறார்கள். அது நுட்பமான வகைப்பாடு, மரபுவழிக் கொள்கை ஆகாது. பாண்டிச்சேரியில் இருந்தபடி 1914 முதல் 'ஆர்யா' இதழில் அரவிந்தர் எழுதிய 'தெய்வீக வாழ்வு' இவற்றைவிட ஆழமான முயற்சி. சடத்துக்குள் முன்பே மறைந்திருந்த பேருணர்வுதான் படிப்படியாக மலர்கிறது என்பது அதன் மையம். அங்கேயும் வாய்க்காலில் நீர் முன்பே நிறைந்திருக்கிறது.

2018 ஜனவரியில் ஒன்றிய இணை அமைச்சர் சத்யபால் சிங், குரங்கு மனிதனாவதை நம் முன்னோர் யாரும் பார்த்ததாகச் சொல்லவில்லை, டார்வின் கொள்கை தவறு என்று பேசினார். நாட்டின் மூன்று அறிவியல் கழகங்கள் கூட்டறிக்கை விட்டு மறுத்தன. இந்து மரபில் பிணக்கே இல்லை என்றால் அந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது? வெளிப்படையாக மறுத்த அவர், தழுவுவதுபோல் தழுவி நெரிப்பவர்களைவிடக் குறைந்தது நேர்மையாவது காட்டினார் என்றுகூடச் சொல்லத் தோன்றுகிறது.

கடவுள் மறுப்பாளர்களிடமும் ஒரு குறுக்குவழி உண்டு. தமிழ்நாட்டில் சுயமரியாதை இயக்கத்தின் ஏடுகள் அறிவியலை மக்களிடம் கொண்டுசென்றன. சிங்காரவேலர் 'குடி அரசு' இதழில் எழுதிய அறிவியல் கட்டுரைகள் தமிழுக்குப் பெரிய கொடை. ஆனால் அந்த மரபில் பரிணாமம் என்ற சொல் கடவுள் இல்லை என்பதற்கு முற்றுப்புள்ளியாகவே பயன்பட்டுவிட்டது. டார்வின் தகர்த்தது இறையியலாளர் வில்லியம் பேலி 1802-இல் எழுதிய வகை வாதத்தை. கடிகாரத்தைக் கண்டால் அதைச் செய்தவர் உண்டு என்று அறிவோம், கண்ணைக் கண்டாலும் அப்படியே என்ற சான்று விழுந்தது. ஒரு பொருளுக்குச் சொன்ன சான்று விழுந்தால் பொருளே இல்லை என்றாகிவிடாது. அதற்கு வேறு வாதங்கள் வேண்டும், நாத்திகர்களிடம் அவை உண்டு. உயிரியலை மட்டும் வைத்து அந்த வேலையை முடித்துவிட முடியாது.

கத்தோலிக்கத் திருச்சபையின் கதையில் இடறல் வேறோர் இடத்தில் இருந்தது. 12-ஆம் பயஸ் திருத்தந்தை 1950-இல் வெளியிட்ட 'ஹுமானி ஜெனெரிஸ்' சுற்றுமடல் மனித உடல் பரிணாமத்தால் வந்திருக்கலாமா என்பதை ஆராயலாம் என்று அனுமதித்தது. ஆன்மாவைக் கடவுள் நேரடியாகவே படைக்கிறார் என்று வரம்பிட்டது. மனிதகுலம் ஆதாம் என்ற ஒருவரிடமிருந்து வரவில்லை, பல மூதாதைகளிடமிருந்து வந்தது என்ற கருத்தை மட்டும் விசுவாசிகள் ஏற்கலாகாது என்றது. காரணம் எளிது. ஆதிப்பாவம் ஒரே மனிதரின் செயலால் எல்லாருக்கும் வந்தது என்பது அவர்கள் கோட்பாடு. 1996-இல் இரண்டாம் யோவான் பவுல், பரிணாமம் ஒரு கருதுகோள் என்ற நிலையைத் தாண்டிவிட்டது என்று திருத்தந்தையின் அறிவியல் கழகத்துக்கு எழுதினார். உலகமே தலைப்புச் செய்தி போட்டது. ஆனால் ஆதாமின் கேள்வி அப்படியே நிற்கிறது. இன்றைய மனிதர்களின் மரபணு வேறுபாட்டைக் கணக்கிட்டால் நம் மூதாதைக் கூட்டம் இருவர் என்ற அளவுக்குச் சுருங்கியதாகத் தெரியவில்லை. அறிவியல் இயற்கையைப் பற்றிப் பேசட்டும், சமயம் அறத்தைப் பற்றிப் பேசட்டும், எல்லைகள் மோதாது என்று தொல்லுயிரியலாளர் ஸ்டீபன் ஜே கூல்ட் 1997-இல் எழுதியது பலருக்கு ஆறுதலாக இருந்தது. வேலி அவ்வளவு நேராகப் போவதில்லை. முதல் பெற்றோர் இருவரே என்பது அறக்கூற்று அல்ல, எண்ணிக்கை பற்றிய கூற்று.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் டோவர் என்ற சிற்றூரின் பள்ளி வாரியத்துக்கு எதிராகப் பெற்றோர் தொடுத்து 2005-இல் விசாரிக்கப்பட்ட வழக்கு, கிரே-டார்வின் வாதத்தின் நீதிமன்ற வடிவம். 'அறிவார்ந்த வடிவமைப்பு' என்ற கருத்தை உயிரியல் மாணவர்களிடம் அறிமுகப்படுத்த வாரியம் முயன்றது. வாரியத்தின் முதன்மைச் சாட்சி உயிர்வேதியியலாளர் மைக்கேல் பீஹி. பெற்றோர் தரப்பின் முதல் சாட்சி பிரவுன் பல்கலைக்கழக உயிரணுவியலாளர் கென்னத் மில்லர். இருவரும் கத்தோலிக்கர்கள். பூமி பழையது என்பதையும் மனிதனுக்கும் சிம்பன்சிக்கும் பொதுமூதாதை உண்டு என்பதையும் இருவருமே ஏற்றவர்கள். மில்லர் நீதிமன்றத்தில் காட்டிய சான்று அழகானது. சிம்பன்சிக்கு 48 குரோமோசோம்கள், நமக்கு 46. நம் இரண்டாம் குரோமோசோமின் நடுவில், வழக்கமாக முனைகளில் மட்டுமே இருக்கும் டிஎன்ஏ வரிசை காணப்படுகிறது. மூதாதையின் இரண்டு குரோமோசோம்கள் முனையோடு முனை ஒட்டிக்கொண்ட தழும்பு அது. பீஹியின் மறுப்பு பொதுமூதாதையைப் பற்றியதே அல்ல. பாக்டீரியாவின் வாலிழை போன்ற சிக்கலான அமைப்புகளைத் தற்செயல் மாற்றமும் தேர்வும் உண்டாக்கியிருக்க முடியாது என்பதுதான் அவர் வாதம். ஆக, ஒரே திருச்சபையைச் சேர்ந்த இருவர் பிரிந்து நின்ற கோடு கிரேயும் டார்வினும் பிரிந்த அதே கோடு. நீதிபதி ஜான் ஜோன்ஸ் 139 பக்கத் தீர்ப்பில் அறிவார்ந்த வடிவமைப்பு அறிவியல் அல்ல என்றார். பரிணாமம் படைப்பவர் உண்டு என்ற நம்பிக்கைக்கு எதிரானது என்று கருதுவதும் பிழை என்றார்.

மில்லரைப் போன்றவர்கள் எப்படி முழு டார்வினையும் ஏற்று நம்பிக்கையையும் வைத்துக்கொள்கிறார்கள்? இதற்கு ஒரு பழைய வழி உண்டு. தற்செயல் என்பது இறைப் பராமரிப்புக்கு எதிரி அல்ல என்று 13-ஆம் நூற்றாண்டிலேயே தாமஸ் அக்வினாஸ் வாதிட்டார். எல்லாம் கட்டாயத்தால் நடக்கும் உலகத்தைவிடத் தற்செயலுக்கும் இடமுள்ள உலகம் நிறைவானது என்பது அவர் கருத்து. கிங்ஸ்லி தம் சிறுவர் நாவலில் பொருட்களைச் செய்யும் தெய்வத்தைவிட, பொருட்கள் தம்மைத் தாமே செய்துகொள்ளும்படி விடும் தெய்வம் பெரியது என்ற கருத்தைக் கதையாக்கினார். உயிர்வேதியியலாளராக இருந்து ஆங்கிலிக்கக் குருவான ஆர்தர் பீகாக் அதை இறையியலாக வளர்த்தார். இயற்கைத் தேர்வுக்குக் கணிதம் தந்து 1930-இல் நூல் எழுதிய ரோனால்ட் ஃபிஷர் ஆங்கிலிக்கர். உயிரியலில் எதுவும் பரிணாம ஒளியில் அல்லாமல் விளங்காது என்ற புகழ்பெற்ற கருத்தை 1973 கட்டுரையின் தலைப்பாக்கிய தியோடோசியஸ் டோப்ஷான்ஸ்கி கிழக்கு மரபுக் கிறித்தவர். அதே கட்டுரையில் தம்மைப் படைப்புவாதி என்றும் பரிணாமவாதி என்றும் சேர்த்தே அழைத்துக்கொண்டார். பரிணாமம் கடவுள் படைக்கும் முறை என்பது அவர் நிலை.

இவர்கள் இதற்கு விலை கொடுத்திருக்கிறார்கள். கண்ணையோ மலரையோ காட்டிக் கடவுளை நிறுவும் உரிமையை விட்டுக்கொடுத்தார்கள். மனித இனம் தோன்றியே தீரும் என்ற உறுதியை அவர்களால் உயிரியலிலிருந்து பெறமுடியாது. குளவியின் கொடுமைக்கு அவர்களிடமும் நிறைவான விடை இல்லை. தன்னைத்தானே ஆக்கிக்கொள்ளும் உலகத்துக்கு வலி தவிர்க்க முடியாத செலவு என்கிறார்கள். புழுவிடம் கேட்டால் ஒப்புக்கொள்ளுமா என்பது வேறு விஷயம். அந்த விலையைத் தெரிந்தே கொடுத்தவர்களின் சமரசத்தை மதிக்கிறேன். விலை கொடுக்காமல் கிடைத்ததாகச் சொல்லப்படும் சமரசத்தில் இயற்கைத் தேர்வு பெரும்பாலும் காணாமல் போயிருக்கும்.

நம் பிள்ளைகளுக்கு இந்தத் தேர்வைச் செய்யும் வாய்ப்பே குறைந்துவருகிறது. 2023-இல் என்சிஇஆர்டியின் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் 'மரபுவழியும் பரிணாமமும்' என்று இருந்த பாடம் 'மரபுவழி' என்று மட்டும் அச்சானது. ஆயிரத்து எண்ணூறுக்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டு எதிர்ப்புக் கடிதம் வெளியிட்டார்கள். பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் பரிணாமம் இருக்கிறது என்று பதில் வந்தது. பத்தாம் வகுப்போடு உயிரியலை விட்டு வணிகவியலுக்கும் கணினிக்கும் தொழிற்கல்விக்கும் போகும் மாணவர்கள் அந்த நூலைத் தொடப்போவதில்லை. அவர்கள் காதில் பரிணாமம் என்று விழப்போவது தசாவதார ஒப்பீடு மட்டுமே. லூரியாவின் குழாய்களையும் இரண்டாம் குரோமோசோமையும் முதலில் அவர்களுக்குக் காட்டுங்கள். படித்த பிறகு அதைத் தம் நம்பிக்கையோடு சேர்ப்பதா, நம்பிக்கையை விடுவதா, இரண்டையும் பிரித்து வைப்பதா என்பதை அவர்களே முடிவு செய்துகொள்ளட்டும். பத்தாம் வகுப்புப் பாடநூலில் அந்தப் பாடம் மறுபடி அச்சாகவேண்டும்.